நிலாவைப் பற்றி, கூடவே வேறு சிலவும்

அன்புள்ள தம்பி,

சாமுவேல் கேட்டிருந்த கேள்விக்கு இப்போதுதான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். “ஆச்சி, மனிதன் நிலவில் இறங்கியதை நீங்கள் டி.வி.யில் பார்த்தீர்களாமே, பள்ளிக்கு எழுத வேண்டும், சொல்லுங்கள்” என்று குரல் பதிவு அனுப்பியிருந்தான். ஷீலாவின் எண்ணிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அந்த ஞாயிறும் நீ அழைக்கவில்லை, அடுத்த ஞாயிறும் இல்லை. வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும். பள்ளியில் கொடுக்க வேண்டிய நாள் கடந்து போயிருக்கும். ஆனாலும் கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ வாசித்துச் சொல். ஷீலாவும் கேட்கட்டும்.

நான் கையால் எழுதுவதை உன் அக்கா மகள் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். என் கையெழுத்து அவளுக்குப் புரிவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அது வசதிதான்.

பிரஷர் பார்த்தாயா? உன் தாத்தா வழியில் எல்லோருக்கும் ஐம்பதுக்கு முன்பே வந்த வியாதி அது. பார்.

சரி, சாமுவேலுக்கு உரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1969 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. நான் லண்டனில் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன், ஆண்கள் வார்டில் இரவுப் பணி. நீளமான வார்டு, இரு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், நடுவில் நர்ஸ் மேசை, மேசை விளக்கின்மேல் பச்சைத் துணி. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ரேடியோ கேட்க ஒரு ஹெட்போன் தொங்கும். இரவு 9.17 மணிக்கு அவர்கள் நிலவில் இறங்கினார்கள். பகல் பணி நர்ஸ் என்னிடம் வார்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள்: நான்காம் கட்டிலுக்குத் தண்ணீர் அளவு, ஐந்தாம் கட்டிலுக்கு ஊசி நேரம். சன்னலோரக் கட்டிலில் ஒரு கை உயர்ந்தது. பெட்பேன் கேட்கிறார் என்று நினைத்து நகர்ந்தேன். அதற்குள் பக்கத்துக் கட்டிலிலும் ஒரு கை. வரிசையாக ஒவ்வொருவரும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினார்கள். எட்டு மணிக்கு மேல் வார்டில் சத்தம் கூடாது என்பது விதி. அந்த மனிதர்கள் விதியை மீறாமல் கைதூக்கியே கொண்டாடினார்கள். ஏழாம் கட்டில்காரர் மட்டும் வாய்விட்டு, “இறங்கிவிட்டார்கள், பெண்ணே” என்றார்.

அவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். ரயில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர், நிலக்கரிப் புகை குடித்தே நுரையீரல் கெட்டவர். ரைட் சகோதரர்கள் முதல் விமானத்தைப் பறக்கவிட்ட 1903இல் தனக்கு நாலு வயது என்று யார் வந்தாலும் சொல்வார். நிலவில் வெளியே வந்து நடக்கும்போது தன்னை எழுப்பாவிட்டால் மேட்ரனிடம் புகார் கொடுப்பேன் என்று மிரட்டிவிட்டுத்தான் தூங்கினார்.

இறங்கியதும் முதலில் சில மணி நேரம் தூங்கிவிட்டு, அதன்பிறகு வெளியே வருவதுதான் திட்டம். அப்படி நடந்திருந்தால் லண்டனில் காலை ஏழு மணிக்கு மேல் ஆகியிருக்கும், நான் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருப்பேன், எதையும் பார்த்திருக்க மாட்டேன். அவர்கள் தூங்க மாட்டோம், இப்போதே வெளியே போகிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நிலவுக்குப் போயும் தூங்கு என்றால் யாருக்குத் தூக்கம் வரும்? (நீ நிலவில் இல்லை. நீ பத்து மணிக்குப் படு. செய்திக்குப் பதில் அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன், உங்கள் ஊரில் அது அதிகாலை மூன்றரை.)

பகல் அறையில் வாடகை டி.வி. ஒன்று இருந்தது. அப்போது அங்கே பலரும் டி.வி.யை வாடகைக்குத்தான் எடுப்பார்கள். வழக்கமாக நள்ளிரவோடு நிகழ்ச்சிகள் முடிந்து, தேசிய கீதம் வாசித்து, திரை நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கி அணைந்துவிடும். அன்று மட்டும் பி.பி.சி.யும் மற்றச் சேனலும் விடிய விடிய ஓடின, அந்த நாட்டில் அது முதல் தடவை. ஒரு சேனலில் பாட்டும் கூத்தும், பி.பி.சி.யில் ஒற்றைக் கண்ணாடி போட்ட பேட்ரிக் மூர். ஏழாம் கட்டில்காரர் மூர்தான் வேண்டும் என்றார். ஏரியல் வயர் எட்டுகிற தூரம்வரை பெட்டியை வாசல் பக்கம் இழுத்து, சத்தத்தைக் குறைத்து, அவரைச் சக்கர நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தோம். ஆக்ஸிஜன் சிலிண்டரும் கூடவே வந்தது. தூங்காத நாலைந்து பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னால் நின்றார்கள். நைட் சிஸ்டர் ரவுண்ட்ஸ் வந்தார். ஐரிஷ்காரி, செருப்புச் சத்தமே கேட்காது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, “ஐந்து நிமிடம்” என்றார். விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

3.56க்கு ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தார். அதற்குச் சற்று முன்னால் படம் வந்தபோது அது தலைகீழாக இருந்தது. கேமராவை இறங்கு கலத்தின் பக்கவாட்டில் தலைகீழாகத்தான் பொருத்தியிருந்தார்கள், பூமியில் சிக்னலை வாங்குகிற நிலையத்தில் ஒரு சுவிட்சைத் தட்டினால்தான் நேராகும். சில நொடிகளில் நேரானது. நேரான பிறகும் எது ஏணி, எது கால், எது நிழல் என்று புரியவில்லை. கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது, சரியாகக் கழுவாத எக்ஸ்ரே படம் போல. அவர் கால் வைக்கிற காட்சி ஆஸ்திரேலியாவில் ஹனிசக்கிள் கிரீக் என்ற நிலையத்தில் வாங்கி உலகத்துக்கு அனுப்பப்பட்டது, பிறகு பார்க்ஸ் என்ற இடத்துப் பெரிய தொலைநோக்கி எடுத்துக்கொண்டது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. ‘ஒரு சிறிய அடி’ என்ற அந்த வாசகம்கூட எங்கள் காதில் சரியாக விழவில்லை. மாலைப் பத்திரிகையில்தான் படித்தேன்.

ஏழாம் கட்டில்காரருக்குக் கால் மணிக்கு ஒரு தடவை நாடி பார்க்க வேண்டும். மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்து, அவர் மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு கண் டி.வி.யிலும் ஒரு கண் நொடி முள்ளிலுமாக எண்ணினேன். 104. சிலேட்டு நிறத்தில் நரம்பு புடைத்த கை, நகங்களுக்குள் கரி இன்னும் இருந்தது. நான் எண்ணி முடித்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் விரல்களை வைத்தார். தலையை ஆட்டினார். “உன்னுடையது என்னுடையதைவிட வேகமாக ஓடுகிறது, உன்னை யார் கவனிக்கிறார்கள்?” என்றார். சிஸ்டர் சிரித்துவிட்டார்.

சாமுவேலுக்கு இன்னும் இரண்டு விஷயம் சொல். ஒன்று, அவன் புத்தக அட்டையில் கண்ணாடி முகமூடியோடு நிற்பவர் ஆர்ம்ஸ்ட்ராங் இல்லை, அவரோடு இறங்கிய ஆல்ட்ரின். அந்த நல்ல கேமரா பெரும்பாலும் ஆர்ம்ஸ்ட்ராங் கையில் இருந்ததால் அவர் படங்கள் குறைவு. நம் வீட்டுப் படங்களில் உன் அப்பா இல்லாதது போலத்தான். இரண்டாவது, அந்தக் கலத்தின் கால்களைச் செய்தது கனடாவில், கியூபெக்கில். அவன் ஆசிரியைக்கு இது பிடிக்கும்.

நம் ஊரில் அப்போது டி.வி. ஏது? சென்னைக்கே 1975இல்தான் வந்தது. நிலவில் நடந்தபோது இங்கே காலை எட்டரை மணி, ரேடியோவில் செய்தி கேட்டதோடு சரி. விடிந்ததும் நான் பார்த்ததையெல்லாம் ஏரோகிராமில் நுணுக்கி நுணுக்கி எழுதி உன் தாத்தாவுக்கு அனுப்பினேன். நிலவில் இறங்கியதற்கு முந்தின நாள்தான், ஜூலை 19ஆம் தேதி, இந்திரா காந்தி 14 வங்கிகளைத் தேசியமயமாக்கியிருந்தார். தாத்தாவின் பதில் கடிதம் முழுவதும் வங்கி, வங்கி, வங்கி. நிலாவுக்குக் கடைசியில் ஒரு வரி: ‘போனவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள் என்று அறிந்து உன் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.’

உன் அப்பா நலம். காது இன்னும் மந்தமாகிவிட்டது. நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் படத்தைக் காட்டினேன். பேரன் வளர்ந்துவிட்டான் என்றார். அவருக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

எனக்கு வேறு பழக்கம். நோயாளியைப் பார்க்கப் போனால் முதலில் கட்டிலைச் சுற்றிப் பார்ப்பேன், பிறகுதான் ஆளை. அந்தப் படத்தில் சாமுவேலுக்குப் பின்னால் தெரிகிற அடுக்களை உங்கள் அடுக்களை இல்லை. உங்கள் வீட்டில் மூன்று மாதம் இருந்து சமைத்தவள் நான். கழுவு தொட்டிக்கு மேலே சன்னல் இருக்கும், இதில் சுவர். தட்டு வடிய வைக்கிற கம்பியில் ஒரே ஒரு தட்டு, ஒரு குவளை. வீட்டில் மராமத்து வேலை நடக்கிறதோ, நண்பர் வீட்டில் எடுத்த படமோ, நான் கேட்கவில்லை. பார்த்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

பிரஷர் மாத்திரையைக் காலையில் சாப்பிடு, நினைத்தபோது சாப்பிடாதே.

நிலாவுக்கு வருகிறேன். நிலவுக்குப் போன மூவரின் நாடிக் கணக்கைப் பத்திரிகைகள் போட்டிருந்தன. நர்ஸாக இருந்த எனக்கு ராக்கெட்டின் உயரத்தைவிட அதுதான் மனதில் நின்றது. ஜூலை 16ஆம் தேதி ராக்கெட் கிளம்பியபோது ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 110, இறங்காமல் மேலே சுற்றிய காலின்ஸுக்கு 99, ஆல்ட்ரினுக்கு 88. நிலவில் இறங்கும் நேரத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் நாடி 150க்குப் போனது. எரிபொருள் தீருகிற நிலை, கம்ப்யூட்டர் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை, கீழே பாறை. குரலில் மட்டும் ஒன்றும் தெரியாது, அதே நிதானமான பேச்சு. இதைப் பாராட்டாத ஆள் இல்லை. நானும் பாராட்டினேன், அப்போது எனக்கு வயது இருபத்தொன்று.

ஆல்ட்ரினின் 88ஐப் பார். நெருப்பின்மேல் உட்கார்ந்து கிளம்புகிற மனிதனுக்கு மாடிப்படி ஏறி வந்தவனின் நாடி. மூவரில் மிக அமைதியானவர் இவர்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்திருப்பார். திரும்பி வந்த பிறகு உடைந்து போனவரும் அவர்தான். மனச்சோர்வு, குடி, 1974இல் விவாகரத்து. கார் விற்கிற வேலைக்குப் போனார், அதிலும் விற்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அவரே வெளியில் சொன்னார், சிகிச்சை எடுத்தார், 1978இல் குடியை விட்டார். வெட்கப்பட்டு மூடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. பின்னாளில் தன் 93ஆம் பிறந்த நாளில் நான்காவது கல்யாணமும் செய்துகொண்டார். அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் கல்யாணமும் 1994இல் முறிந்தது, 38 வருடம் வாழ்ந்த பிறகு. மூவரில் காலின்ஸ் ஒருவர்தான் மனைவி இறக்கும்வரை சேர்ந்திருந்தார். நிலவுக்குப் போய் வந்தவர்களுக்கே மூன்றில் இரண்டு இப்படி. அவர்களை யாரும் தோற்றவர்கள் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று நீ கேட்டால், சாமுவேலின் பாடத்துக்குத்தான். ஆனால் இந்தப் பகுதியை அவனுக்கு வாசிக்க வேண்டாம்.

என் வேலைக்காலம் முழுவதும் நாடி பார்த்தேன். 88 என்றால் நன்றாக இருக்கிறார் என்று குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போன நர்ஸ்களை நானே கண்டித்திருக்கிறேன், முகத்தைப் பார்த்தாயா என்று கேட்பேன். ‘நன்றாக இருக்கிறேன் அம்மா’ என்று நீ அனுப்புகிற செய்தி எனக்கு 88 மாதிரிதான் தெரிகிறது. கை முறிந்ததையே முழுக்கைச் சட்டைக்குள் மூன்று நாள் மறைத்தவன் நீ. அந்தச் சட்டை இன்னும் அக்கா வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

நீ படித்த படிப்பு நம் குடும்பத்தில் யார் படித்தார்கள்? உன் பட்டமளிப்புப் படம் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. பால்காரரிலிருந்து போதகர்வரை எல்லோரிடமும் காட்டியாகிவிட்டது, அப்பாவுக்கே அலுத்துவிட்டது. இந்தப் பெருமையே உனக்குப் பாரமாகிவிட்டதோ என்று சில ராத்திரி நினைக்கிறேன். ஆனால் படத்தைக் கழற்ற மாட்டேன், அது வேறு விஷயம். இவ்வளவு படித்தவனுக்கு வாரத்தில் ஒரு நாள் ஐந்து நிமிடம் போனை எடுக்க முடியவில்லை என்பதும் இருக்கிறதே.

காலின்ஸ் மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாரே, ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் பின்பக்கம் போனால் 48 நிமிடம் பூமியோடு பேச்சே கிடையாது. கீழே இறங்கிய இருவரோடும் கிடையாது. தனக்கு அது தனிமையாக இல்லை, பிடித்திருந்தது என்றுதான் பின்னால் எழுதினார். அந்த இருவரையும் விட்டுவிட்டுத் தான் மட்டும் திரும்ப நேருமோ என்பதுதான் அவருடைய ரகசியப் பயம். அந்த 48 நிமிடம் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் யாரும் பதறவில்லை. எந்த நிமிடத்தில் இந்தப் பக்கம் வந்து பேசுவார் என்பது அவர்களுக்குத் தெரியும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காபி குடித்திருப்பார்கள். உன் விஷயத்தில் எனக்கு வேண்டியது அந்தக் கணக்கு ஒன்றுதான். பின்பக்கத்தில் என்ன பார்த்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. எப்போது இந்தப் பக்கம் வருவாய் என்று சொல், போதும்.

இன்னொன்றும் உண்டு. அவர்கள் நிலவிலிருந்து கிளம்ப முடியாமல் போனால் வாசிக்க நிக்ஸனுக்கு ஓர் உரை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். முப்பது வருடம் கழித்துத்தான் அது வெளியே தெரிந்தது. உரையை வாசிப்பதற்கு முன்னால் மனைவிமார்களுக்கு ஜனாதிபதி போன் செய்ய வேண்டும் என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. அம்மாவுக்குப் போன் செய்யச் சொல்லி ஒரு வரி இல்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கின் அம்மா அப்போது உயிரோடு இருந்தார், ஒஹையோவில் தன் வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மாக்களுக்கு எல்லாம் கடைசியில்தான் தெரியவேண்டும் போலிருக்கிறது. ராஜன் சித்தப்பா வீட்டில் அப்படித்தான் நடந்தது, பிறகு பாட்டி எப்படி ஆனார் என்று உனக்கே தெரியும். நான் அப்படி ஆகமாட்டேன். எனக்குத் தாங்கும். வார்டில் இதைவிட எவ்வளவோ கேட்டவள். அப்பாவுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதை என்னிடம் விட்டுவிடு. சொல்வதற்கு ஏதாவது இருந்தால்.

ஷீலாவின் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சாமுவேலின் கேள்வியை எனக்கு அனுப்பத் தோன்றியதே அவளுக்கு, அது நல்ல மனது. நீயும் அவளைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை தவறாகப் பேசாதே, கோபத்தில்கூட.

பிரஷர். பத்து மணிக்குப் படுக்கை. மூன்றாம் தடவை சொல்கிறேன் என்று சிரிக்காதே.

அன்று ஜூலை 21 திங்கட்கிழமை லண்டன் மாலைப் பத்திரிகையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மஞ்சள் பூத்துவிட்டது, மடிப்பில் கிழிகிறது. ஏழாம் கட்டில்காரர் முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் என் நாடியை எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 112. அதைச் சாமுவேலுக்கு அனுப்ப நினைக்கிறேன், அவனே வைத்துக்கொள்ளட்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டு அட்டை வைத்துக் கட்டியாகிவிட்டது. பதிவுத் தபாலில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இருக்க வேண்டுமாம், அதனால் விலாசம் சரியாக இருக்க வேண்டும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள்.

எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும்? சாமுவேல் இருக்கிற விலாசம் ஒன்றும், உன் விலாசம் ஒன்றும் எழுது. இரண்டும் ஒன்றுதான் என்றால் ஒன்றே போதும். அடுக்குமாடி எண்ணை மறக்காதே.

அம்மா